குப்பை ஃபோல்டர்

பெட்டி செத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் தமயந்தி நம்புவதே இல்லை. பதினான்கு வருடமாகக் கிளம்பாத கம்ப்யூட்டர்களோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். அவள் அனுபவத்தில் பாதிப் பெட்டிகள் செத்தவை அல்ல. எங்கோ ஓரிடத்தில் மூச்சு முட்டிக் கிடப்பவை. அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைக்கு முதலாளி கமருதீன் பாய்தான் என்றாலும், பாயே அவளிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கையோடு ஒரு பெண்மணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

“இத எப்படியாச்சும் பேச வெச்சுக் குடுத்துருங்க அம்மணி. முந்தாநேத்துல இருந்து கெளம்பவே மாட்டீங்குது. வெயாழக்கெழம பதனோரு மணிக்கு ஆபீசரு வர்றாருங்.”

தமயந்தி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். “உங்க பேரு?”

“கோகிலவாணிங்.”

“பேஷண்ட் பேரு?”

கோகிலவாணி பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, அதில் இருந்த பெயருக்குக் கீழே விரலை வைத்தாள். மயில்சாமி என்று இருந்தது.

“வாயால சொன்னா முத்து உதிர்ந்துருமாக்கா?” என்றாள் தமயந்தி.

“கட்டிக்கிட்டு இருவத்தாறு வருசமாச்சுங். இதுவரைக்கும் சொன்னதில்ல. இப்ப மட்டும் என்னத்துக்கு?” என்று அவளும் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கிவிட்டது.

மயில்சாமி சென்னிமலை ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத மனிதர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூளையில் அடைப்பு வந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இமை அசைவும், தொண்டைக்குள் லேசாகத் துடிக்கும் நரம்புகளும்தான். அந்தத் துடிப்பைக் கழுத்தில் கட்டிய பட்டை பிடிக்கும். எந்தத் துடிப்பு எந்தச் சொல் என்று பார்த்து வீட்டுக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். மின்விசிறி, விளக்கு, வாசல் கதவு எல்லாம் அதே பெட்டியின் பொறுப்பு. இதுமாதிரி பெட்டி இல்லாத படுக்கை நோயாளி வீடு இந்தக் காலத்தில் ஊரில் இல்லை.

பெட்டி வந்தால் கூடவே சட்டமும் வந்துவிடுமே! நோயாளியின் பெயரில் சொந்தக்காரர்கள் இஷ்டத்துக்கு எதையாவது சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று புகார் கிளம்பி, தன்விருப்பச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வீட்டுக்கே வருவார். மூன்று கேள்வி கேட்பார். நோயாளியே தன் பெட்டி வழியாகப் பதில் சொல்ல வேண்டும். கண்சிமிட்டல் செல்லாது. சொல்லாவிட்டால் அந்த ஆளைக் கொண்டுபோய் அரசுப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள்.

“அங்க ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவால திரைகூட இல்லீங்களாம். மாசத்துக்கு ஒருவாட்டிதான் பாக்க உடுவாங்களாம்” என்றாள் கோகிலவாணி. “புதுப் பெட்டி வாங்கலாம்னா, அது இவரோட துடிப்பப் படிச்சுக்கறதுக்கு எட்டு மாசம் ஆகுமுங்களாம். நமக்கு இருக்கறது ரெண்டே நாளு.”

“ரெண்டு நாள் போதும்க்கா” என்றாள் தமயந்தி. எதை நம்பிச் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் காப்பி, அப்புறம்தான் கை. அசல் டிஸ்க்கில் யாரும் எதையும் தொடக் கூடாது. முழுசாகக் காப்பி எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காப்பியைத் திறந்து பார்த்தவள், “அட, இவ்வளவுதானா!” என்றாள்.

டிஸ்க்குக்கு ஒரு கோளாறும் இல்லை. இடம்தான் இல்லை. கிளம்புகிற நேரத்தில் நாலு வரி எழுதிக்கொள்ளக்கூட இடமில்லாமல் பெட்டி திக்கித் திணறி நின்றிருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ‘அடையாளமற்றவை’. கடையில் அதற்குச் செல்லப்பெயர் குப்பை. பெட்டிக்குப் புரியாத துடிப்புகள் எல்லாம் அதில்தான் போய் விழும். இது தெரிந்த வியாதிதான். குப்பையை அழித்தால் பத்து நிமிடத்தில் பெட்டி எழுந்து உட்காரும். தமயந்தி இதுவரை நாற்பத்தொரு வீட்டுப் பெட்டிகளை அப்படி எழுப்பியிருக்கிறாள்.

“அப்புறம் என்னம்மா? வழிச்சுத் தூக்கிப் போட்டுட்டுக் குடுத்து அனுப்பு. அந்தம்மா காலையில இருந்து மூணு தடவ போன் பண்ணிருச்சு” என்றார் பாய்.

தமயந்தியின் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

“பாய், இங்க வாங்க. இருமல் எல்லாம் ஒரே அளவுல வருமா?”

“என்னது?”

“குப்பைன்னா இருமல் இருக்கும், கொட்டாவி இருக்கும், எச்சில் முழுங்குனது இருக்கும். ஒண்ணு அரை நொடி, ஒண்ணு நாலு நொடின்னு கலந்து கெடக்கும். இதப் பாருங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணேகால் நொடி. நாலு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம். அத்தனையும் ஒரே துடிப்பு.”

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அப்ப ஒரே சொல்லா?”

“ஒரே சொல்லுதான். இந்த மனுஷன் ஒன்பது வருஷமா ஒரே சொல்லச் சொல்லிட்டு இருக்காரு. பெட்டி அத வாயத் தெறந்து சொன்னதே இல்ல.”

“என்ன சொல்லு?”

“அது தெரிஞ்சா பெட்டி அத ஏன் குப்பைல போடுது?”

இந்தப் பழைய பெட்டிக்குத் தானாகச் சொல் கற்றுக்கொள்ளத் தெரியாது. பொருத்திய அன்று வீட்டார் ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசிக்க வேண்டும்; நோயாளி அதை மனசுக்குள் சொல்வார்; பெட்டி இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதோடு பட்டியலுக்குப் பூட்டு. பிறகு ஒரு சொல் சேர்க்க வேண்டுமென்றால் கம்பெனிக்காரன்தான் வர வேண்டும். அந்தக் கம்பெனியோ பொருத்திய ஆறாம் மாதமே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

தமயந்தி கோகிலவாணிக்குப் போன் போட்டாள். “அக்கா, அவரோட பதிவுகளக் கொஞ்சம் தெறந்து பாக்கணும். பாக்கலாமா?”

“அவரத்தான் கேக்கோணும். இருங்.” சற்றுப் பொறுத்துக் குரல் வந்தது. “கண்ண ஒருக்காச் சிமிட்டுனாரு. சரீங்கறாரு.”

சொல் என்னவென்று தெரியாவிட்டாலும், எப்போது சொன்னார் என்பது பெட்டியில் நொடி சுத்தமாக இருந்தது. வாசல் கதவு திறந்த நேரமும் அதே பெட்டியில்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் தமயந்தி. காலை ஐந்தே முக்காலுக்குக் கதவு திறக்கிறது, பால் வாங்கப் போலிருக்கிறது. அடுத்த நிமிடம் துடிப்பு ஆரம்பிக்கிறது. ஆறு ஐந்துக்குக் கதவு மறுபடி திறக்கிறது. துடிப்பு நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மறுபடி கதவு, மறுபடி துடிப்பு. திரும்பி வந்ததும் மௌனம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதத்தில் மட்டும் நாலு நாள் கதவுக்கும் துடிப்புக்கும் சம்பந்தமே இல்லாமல், ராப்பகலாக ஒன்பதாயிரம் துடிப்புகள். கடைசியாகப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தது.

மறுபடியும் போன். “அக்கா, மூணு வருஷம் முன்னால பங்குனில ஒரு நாலு நாள் நீங்க எங்க போயிருந்தீங்க?”

“பித்தப்பையில கல்லு, ஆபரேசனுங். பக்கத்தூட்டக்காதான் இவரப் பாத்துக்கிட்டாங்க. அது உங்களுக்கெப்படீங் தெரியும்?”

“சும்மா கேட்டேன்க்கா. பன்னண்டு நாளைக்கு முன்னால வீட்டுல ஏதாச்சும் விசேஷமா?”

“விசேசமென்ன, சோதனைக்கு நோட்டீசு வந்துச்சு. இவருக்குப் படிச்சுக் காட்டுனன். அம்புட்டுதான்.”

“அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

வந்தது. மூன்றாவது கேள்வியை இந்த வருடம் மாற்றியிருந்தார்கள். முன்னெல்லாம், இங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் போதும். இப்போது, யாருடன் இருக்க விருப்பம், அவர் பெயரைச் சொல்லவும் என்று போட்டிருந்தது. நோட்டீஸ் வாசித்த நாளிலிருந்து தினமும் மூவாயிரம் துடிப்பு. மனுஷன் பரீட்சைக்குப் படித்திருக்கிறார்! படித்துப் படித்துப் பெட்டியை நிரப்பி நிறுத்தியும்விட்டார்.

தமயந்தி சொற்பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். தண்ணீர், வலி, வெளிச்சம். மகன் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர். ஈரோட்டிலிருந்து சென்னிமலை வரைக்கும் அத்தனை பஸ் ஸ்டாப். வீட்டு நாயின் பெயர்கூட இருந்தது. கோகிலவாணி இல்லை.

“பட்டியல வாசிச்சது நாந்தானுங்” என்றாள் கோகிலவாணி, மூன்றாவது தடவை போன் போட்டபோது. “அவரு பேர மட்டும் பெட்டி மாட்ட வந்த ஆளு வாசிச்சாரு. எம்பேர நானே சத்தமா வாசிச்சு, இதச் சொல்லுங்கன்னு அவரக் கேக்கறதா? வந்த ஆளு முன்னால வெக்கமாப் போச்சு. அதுமில்லாம அவரு எம்பேரச் சொல்லி என்னைக்குக் கூப்புட்டாரு? அது எதுக்குன்னு உட்டுட்டன். ஏனுங், அதுனால ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?”

“நாளைக்குக் காலைல எட்டரைக்கு வீட்டுக்கு வர்றேன்க்கா. அங்க பேசிக்கலாம்.”

போனை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாய் டீயை நீட்டினார். வாங்கவில்லை.

“நாப்பத்தொரு வீடு பாய்” என்றாள். “நாப்பத்தொரு குப்பைய அழிச்சிருக்கேன். ஒண்ணக்கூடத் தெறந்து பாக்கல.”

“எல்லாத்துலயும் இப்படியா இருக்கும்? முக்காவாசி இருமலாத்தான் இருக்கும். நீ தெரிஞ்சா செஞ்ச?”

“பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல?”

டீ ஆறிப்போனது.

வியாழக்கிழமை எட்டரைக்குச் சென்னிமலை ரோட்டில் அந்த ஓட்டு வீட்டில் பெட்டியை மாட்டினாள் தமயந்தி. காப்பி எடுத்த டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் இருந்ததால் ஒரு துடிப்பைக்கூட அழிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டி கிளம்பி, பச்சை விளக்கு எரிந்தது. கட்டிலில் சாய்த்து வைத்திருந்த மயில்சாமி தமயந்தியைப் பார்த்தார். “வணக்கம்” என்றது பெட்டி.

கோகிலவாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழுவறதுக்கு நேரமில்லக்கா. நீங்க கொஞ்சம் வாசலுக்குப் போங்க. கதவச் சாத்திக்கங்க.”

அவள் போனாள். திரையில் அந்த ஒண்ணேகால் நொடித் துடிப்பு வந்தது. மறுபடி வந்தது. தமயந்தி கதவைத் திறந்து கூப்பிட்டாள். கோகிலவாணி உள்ளே வந்தாள். துடிப்பு நின்றுவிட்டது. திரையைக் காட்டி, ஒன்பது வருடக் கதையைத் தமயந்தி ஒளிக்காமல் சொன்னாள். கோகிலவாணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“‘இந்தா’ன்னுதானுங் கூப்புடுவாரு. அதா இருக்கும்” என்றாள் மெதுவாக.

தமயந்தி அவரிடமே கேட்டாள். “அண்ணா, ‘இந்தா’ன்னா சொல்றீங்க?”

இரண்டு சிமிட்டல். இல்லை.

“‘ஏ புள்ள’ன்னா?”

இரண்டு சிமிட்டல்.

“இவங்க பேரா?”

ஒரு சிமிட்டல். அதோடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஐம்பத்தாறு வயசு ஆம்பிளைக்கு அப்படி ஒரு வெட்கம்!

“அடப் பாவி மனுசா” என்றாள் கோகிலவாணி.

மணி பத்தாகிவிட்டது. தமயந்தி ராத்திரி கடையில் தேடி வைத்திருந்த வழியில் கம்பெனிப் பூட்டை உடைத்துச் சொற்பட்டியலைத் திறந்தாள். “அக்கா, இப்ப நீங்கதான் வாசிக்கணும். உங்க பேர மூணு தடவ, சத்தமா. அத நான் இந்தத் துடிப்போட சேத்துக்கட்டிருவேன்.”

முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பெட்டிக்கே கேட்கவில்லை. கோகிலவாணி எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். அடுத்த மூன்று தடவையும் அவள் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். பட்டியலில் முந்நூற்றுப் பதின்மூன்றாவது சொல் ஏறியது.

சரியாகப் பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். முகம் சுளிக்காத, நல்ல மாதிரியான ஆள்தான். ஆனால் விதி விதிதான். கேமராவை நிறுத்தி, மணியைக் குறித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“உங்க பேரு சொல்லுங்க.”

“மயில்சாமி” என்றது பெட்டி.

“இப்ப உங்களுக்கு வலி ஏதாவது இருக்கா?”

“இல்லை.”

“இனிமே யாரோட இருக்க விரும்பறீங்க? அவங்க பேரு சொல்லுங்க. மூணு நிமிஷம் டைம் இருக்கு.”

பெட்டி பேசவில்லை. கோகிலவாணி கட்டில் ஓரத்தில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. திரையில் ஒரு துடிப்பும் இல்லை. மயில்சாமியின் கண்கள் அதிகாரியிடம் போயின, மனைவியிடம் போயின, கூரைக்குப் போயின. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

தமயந்தி பட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே தப்பு விட்டோம்? கட்டியது சரி, பட்டை சரி, பெட்டி சரி. ஒன்றே முக்கால் நிமிடம் ஆனபோதுதான் மண்டையில் உறைத்தது. அவள் எதிரில் நிற்கும்போது இந்த மனுஷன் என்றைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்? அதுவும் அன்னிய ஆள் முன்னால்!

“சார், இந்தக்கா வெளிய போகலாமா? அதுக்குத் தடை இருக்கா?”

“தடையெல்லாம் இல்ல. ஆனா எதுக்கு?”

“அக்கா, போங்க. கதவச் சாத்துங்க. சீக்கிரம்!”

கோகிலவாணி புரியாமல் ஓடினாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. மயில்சாமியின் தொண்டை லேசாக அசைந்தது.

“கோகிலவாணி” என்றது பெட்டி.

அதிகாரி எழுதிக்கொண்டார். “கோகிலவாணி” என்றது மறுபடி. “போதும் சார், பதிவாயிருச்சு” என்றார் அதிகாரி. “கோகிலவாணி. கோகிலவாணி.” கதவுக்கு வெளியே ஒரு பெண் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு தமயந்தி சாமான்களை எடுத்து வைக்கும்போது திரையில் ஒரு கேள்வி நின்றது. ‘பெயரிடப்பட்ட பழைய பதிவுகள் 4,31,206 உள்ளன. பேசட்டுமா? அழிக்கட்டுமா?’

“அழிச்சுரலாம்க்கா. இடம் அடைக்கும், என்னைக்காச்சும் மறுபடியும் பெட்டி நின்னுரும். இனிமே சொல்றதத்தான் அப்பப்பச் சொல்லிருமே.”

“பேசட்டும்னா?”

“நாலு லட்சம் தடவ உங்க பேரச் சொல்லும். இருபது நாளாகும்க்கா, நிறுத்தாம.”

கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லி முடிச்சத ஒண்ணொண்ணா அழிச்சுக்கட்டும். சொல்லாதத எப்படீங் அழிக்கறது?”

தமயந்தி மயில்சாமியைப் பார்த்தாள். இரண்டு முறை சிமிட்டினார். வேண்டாமாம்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் கோகிலவாணி. அவளே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

“கோகிலவாணி” என்றது பெட்டி. ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு காலை, பால் வாங்கப் போன நேரத்துக் குரல்.

“வந்துட்டனுங்” என்றாள் அவள்.

எண் ஒன்று குறைந்தது. 4,31,205. “கோகிலவாணி.” “வந்துட்டன்.” 4,31,204.

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடுவதும் பதில் சொல்வதும் நடந்துகொண்டிருந்தது. கடைக்குப் போன் போட்டாள்.

“பாய், பழைய ரசீதுப் புத்தகத்த எல்லாம் எடுத்து வைங்க. அந்த நாப்பத்தொரு நம்பரும் எனக்கு வேணும்.”

“அழிச்சது அழிச்சதுதானம்மா. நம்ம காப்பியக்கூட ஒரு மாசத்துல அழிச்சுர்றோம். இப்ப போன் பண்ணி என்ன சொல்லப் போற?”

“அழிச்சத நாந்தான் அழிச்சேன்னு சொல்லப் போறேன். அதுக்கப்புறமும் அவங்க சொல்லிட்டுத்தான் இருப்பாங்க பாய். ஃபோல்டர் மறுபடி ரொம்பிட்டுத்தான் இருக்கும். முதல் நம்பரச் சொல்லுங்க.”

பாய் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். தமயந்தி அங்கேயே, வேப்பமர நிழலில் நின்று அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு வயதான ஆண் குரல், யாரு என்றது.

“ஐயா, ஈரோடு கம்ப்யூட்டர் கடைல இருந்து தமயந்தி பேசறேன். ரெண்டு வருஷம் முன்னால உங்க வீட்டுப் பெட்டிய ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பட்டியல் வாசிச்ச அன்னைக்கு உங்க பேர வாசிச்சீங்களா?”

“இல்லம்மா. எம்பேரத்தான் அவ சொல்லவே மாட்டாளே” என்றது அந்தக் குரல்.